நீதித்துறைக்கு நிலைபேறு தந்த நீதியரசர் ஜான் மார்ஷல்

முன்னுரை

சிலப்பதிகாரத்தைக் கற்போர் உள்ளத்தை உலுக்குவது கோவலனின் கொலை மட்டுமன்று. அக்கொலை எத்துணை எளிதாக நிகழ்ந்துவிட்டது என்பதும் ஆகும். பொற்கொல்லன் கூறிய ஒரு சொல்லைக் கேட்டுப் பாண்டியன் ஆணையிட்டான். ஆணையிட்டவனும் அவனே, நீதி வழங்க வேண்டியவனும் அவனே. அவன் பிழையைச் சுட்டித் திருத்துவதற்கு அவனுக்கு இணையான வேறோர் அமைப்பு இருந்திலது. கணவனை இழந்த கண்ணகியும், பிழை செய்த அவன் அவைக்கே சென்று முறையிட நேர்ந்தது. பாண்டியன் நல்லவனாதலால் தன் பிழை உணர்ந்து உயிர் துறந்தான். அவன் நல்லவனல்லனாயின் கண்ணகியின் வழக்கு என்னவாகியிருக்கும்?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றதன் விளைவே இற்றைக் குடியரசுகளின் அமைப்பாகும். ஆள்வோரின் நற்குணத்தை மட்டும் நம்பியிராமல், அதிகாரத்தையே பகுத்து வைத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டம் இயற்றுவோர், அதனை நடைமுறைப்படுத்துவோர், அதன்வழி வழக்கினைத் தீர்ப்போர் ஆகிய மூவரும் ஒருவராதல் கூடாது என்று பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவினார். அக்கருத்தினை ஒரு நாடு முழுமைக்குமான எழுதப்பட்ட அரசியலமைப்பாக வடித்த பெருமை ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்கு உரியது.

அம்மூன்று துறைகளிலும் பணியாற்றி, அவற்றுள் வலிமை குன்றியிருந்த நீதித்துறையை ஏனைய இரண்டுக்கும் இணையாக உயர்த்தியவர் ஜான் மார்ஷல். வாளும் பணப்பேழையும் இல்லாத ஒரு துறை, வாளேந்திய துறையையும் பணப்பேழையைக் கையில் வைத்திருக்கும் துறையையும் எவ்வாறு கட்டுப்படுத்த இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு விளக்கவுரை. அவ்வாழ்க்கையை மாணவச் செல்வங்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஜான் மார்ஷல் 1755ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக விளங்கிய வர்ஜீனியாவின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் தாமஸ் மார்ஷல் நில அளவைத் தொழில் புரிந்தவர். ஜார்ஜ் வாஷிங்டனின் நண்பர். தாயார் மேரி ராண்டால்ஃப் கீத். இவர்களுக்குப் பிறந்த பதினைந்து மக்களுள் மூத்தவர் ஜான்.

காடும் மலையும் சூழ்ந்த அப்பகுதியில் பள்ளிகள் அரிது. ஓராண்டு அளவே அவர் வெளியூர்ப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மன்றோ அங்கே அவருடைய உடன்பயின்றோருள் ஒருவர். எஞ்சிய கல்வியெல்லாம் தந்தையிடமும் வீட்டிலிருந்த நூல்களிடமும் பெற்றதே. ஆங்கிலக் கவிஞர் போப்பின் பாடல்களும், பிளாக்ஸ்டன் எழுதிய ஆங்கிலச் சட்ட விளக்க நூலும் அவர் இளமையிலேயே கற்றவை.

போர்க்களம் புகட்டிய பாடம்

1775ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு எதிரான விடுதலைப் போர் மூண்டபோது மார்ஷலுக்கு அகவை இருபது நிரம்பவில்லை. தந்தையும் மகனும் ஒருங்கே படையிற் சேர்ந்தனர். பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மான்மவுத் ஆகிய களங்களில் மார்ஷல் போரிட்டார். 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜ் என்னுமிடத்தில் பாசறை அமைத்திருந்தபோது அவரும் அங்கிருந்தார்.

அக்குளிர்காலம் அவர் வாழ்வில் அழியாத வடு. உண்ண உணவில்லை, காலுக்குக் காலணி இல்லை, போர்த்திக்கொள்ளக் கம்பளம் இல்லை. படைவீரர் பலர் நோயால் மடிந்தனர். நாட்டில் உணவே இல்லாமற் போனதன்று இதற்குக் காரணம். பதின்மூன்று மாநிலங்களின் சார்பில் கூடிய பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பொருள் தருமாறு வேண்டிக்கொள்ளலாம். அவை தந்தால் பெறலாம். தராவிடில் வாளாவிருக்க வேண்டியதுதான். ஆற்றலற்ற அரசும் மக்களைக் கொல்லும் என்பதை மார்ஷல் நூலிற் கற்கவில்லை. பனியில் நின்று கற்றார். அந்தப் பாசறையிலேயே துணைப் படைத்துறைச் சட்ட அலுவலராகவும் அவர் பணியாற்றினார்.

1780ஆம் ஆண்டில் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஜார்ஜ் வைத் என்னும் சட்டப் பேராசிரியரின் சொற்பொழிவுகளைச் சில திங்கள் கேட்டார். அவருடைய முறையான சட்டக் கல்வி அவ்வளவே. வழக்குரைஞராவதற்கான உரிமத்தில் அப்போது வர்ஜீனிய ஆளுநராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கையொப்பமிட்டார். ஜெபர்சனும் மார்ஷலும் தாய்வழியில் உறவினர். இருவருமே வைத்தின் மாணாக்கர். பிற்காலத்தில் இவ்விருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பர் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

மூன்று துறைகளின் அமைப்பு

1783இல் மேரி ஆம்ப்ளரை மணந்து ரிச்மண்டு நகரில் குடியேறிய மார்ஷல், வழக்குரைஞராகவும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். அந்நாளில் நாடு முழுமைக்கும் இருந்த அரசமைப்பு மிகவும் மெலிந்தது. ஒரே அவை, மாநிலத்திற்கு ஒரு வாக்கு. நாட்டின் சட்டத்தை நிறைவேற்றத் தனி ஆட்சித்தலைவர் இல்லை. தீர்ப்பளிக்க நாட்டளவிலான நீதித்துறை இல்லை. அவ்வமைப்பைத் திருத்துவதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமனதாக இசைய வேண்டும். வேலி ஃபோர்ஜின் பசி, அரசமைப்பிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது எனலாம்.

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் கூடிய மாநாடு புதிய அரசியலமைப்பை வகுத்தது. அதன் முதல் மூன்று உறுப்புகளே மூன்று துறைகளையும் அமைக்கின்றன.

முதலாவது உறுப்பு சட்டமியற்றும் துறையைப் பற்றியது. காங்கிரஸ் எனப்படும் பேரவை இரண்டு அவைகளாகப் பிரிக்கப்பட்டது. பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள், பதவிக்காலம் இரண்டாண்டு. செனட் அவையில் சிறிய மாநிலமாயினும் பெரிய மாநிலமாயினும் இரண்டிரண்டு இடங்கள், பதவிக்காலம் ஆறாண்டு. செனட் உறுப்பினரை முதலில் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913இல் நிறைவேறிய பதினேழாம் திருத்தத்தால் அவ்வுரிமை மக்களுக்குக் கிட்டியது. வரி விதித்தல், செலவுக்கு ஒப்புதல் அளித்தல், போர் அறிவித்தல் ஆகியன காங்கிரசின் அதிகாரங்கள்.

இரண்டாவது உறுப்பு ஆட்சித்துறையை நான்காண்டுப் பதவிக்காலம் உடைய குடியரசுத் தலைவர் ஒருவரிடம் ஒப்படைக்கிறது. அவரே முப்படைத் தலைவர். காங்கிரஸ் இயற்றும் சட்டத்தை அவர் மறுத்துத் திருப்பி அனுப்பலாம். ஆயின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால் அது சட்டமாகிவிடும். அயல்நாட்டு உடன்படிக்கையை அவர் செய்யலாம். ஆயின் செனட் அவையில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். நீதிபதிகளை அவர் பெயர் குறிக்கலாம். ஆயின் செனட் ஒப்ப வேண்டும்.

மூன்றாவது உறுப்பு நீதித்துறையைப் பற்றியது. மூன்றினுள்ளும் மிகச் சுருக்கமானது இதுவே. உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும். நீதிபதிகள் நன்னடத்தை உள்ளளவும் பதவியில் இருப்பர். பதவியில் உள்ள வரையில் அவர்தம் ஊதியம் குறைக்கப்படாது என்று கூறி, விசாரிக்கத்தக்க வழக்குகளையும் வரையறுத்து அமைகிறது. காங்கிரஸ் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருப்பின் அதனைச் செல்லாது என அறிவிக்கும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டா? இவ்வுறுப்பு அதனை வெளிப்படையாகக் கூறவில்லை. இந்த மௌனத்தை மார்ஷல் எவ்வாறு பொருள்கொண்டார் என்பதே அவர் வாழ்வின் உயிர்நிலை.

துறைகள் தனித்தனியே இயங்கினும் அவை தனித்த தீவுகள் அல்ல. ஒன்றின் கைப்பிடி மற்றொன்றின் கதவில் பொருத்தப்பட்டிருப்பதை மேற்கூறியவற்றால் உணரலாம்.

இப்புதிய அமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்ய 1788 ஜூனில் வர்ஜீனியாவில் ஒரு மாநாடு கூடியது. நாவன்மை மிக்க பேட்ரிக் ஹென்றி கடுமையாக எதிர்த்தார். ஜேம்ஸ் மாடிசன் ஆதரித்தார். முப்பத்திரண்டு அகவையினரான மார்ஷல் நீதித்துறை பற்றிய உறுப்பை ஆதரித்துப் பேசினார். காங்கிரஸ் தன் எல்லையைக் கடந்தால் நீதிபதிகள் அதனை ஏலார் என்னும் கருத்தை அவர் அம்மன்றத்திலேயே வெளியிட்டார். 89 வாக்குகள் ஆதரவாகவும் 79 வாக்குகள் எதிராகவும் பதிவாகி, வர்ஜீனியா அரசியலமைப்பை ஏற்றது.

சட்டமன்றத்திலும் ஆட்சித்துறையிலும்

1797இல் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், பிரான்சு நாட்டிற்கு அனுப்பிய மூன்று தூதருள் மார்ஷலும் ஒருவர். பிரெஞ்சு அமைச்சர் தலேராண்டின் ஆட்கள், பேச்சுவார்த்தை தொடங்குவதற்கே கையூட்டு வேண்டினர். தூதர்கள் மறுத்தனர். வெறுங்கையுடன் திரும்பிய மார்ஷலை நாடு பெருமையுடன் வரவேற்றது.

வாஷிங்டனின் வற்புறுத்தலால் 1799இல் அவர் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் மறைந்த செய்தியை அவையில் அறிவிக்கும் துயரக் கடமையும் அவருக்கே வாய்த்தது. 1800 மார்ச்சில், ஆங்கிலேயக் கப்பற்படையைச் சேர்ந்த குற்றவாளி என்று கருதப்பட்ட ஒருவரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்ததற்காக ஆடம்சைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. நீதிமன்றத்தின் பணியில் குடியரசுத் தலைவர் தலையிட்டார் என்பது குற்றச்சாட்டு. அயல்நாட்டுடன் செய்த உடன்படிக்கைக்கு இணங்க ஒருவரை ஒப்படைப்பது ஆட்சித்துறையின் பணியே என்று மார்ஷல் நிறுவினார், தீர்மானம் தோற்றது. பின்னாளில் நீதித்துறையின் எல்லையைக் காத்தவர், அன்று ஆட்சித்துறையின் எல்லையைக் காத்தார். எந்தத் துறைக்கும் வேலி வேண்டும் என்பதே அவர் கொள்கை.

அவ்வாண்டிலேயே அவர் அயலுறவுச் செயலராக ஆட்சித்துறைக்குள் நுழைந்தார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார், ஜெபர்சன் வென்றார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எல்ஸ்வொர்த் பதவி விலகியிருந்தார். முதல் தலைமை நீதிபதியாக விளங்கிய ஜான் ஜேயை மீண்டும் அப்பதவிக்கு அழைத்தபோது, மதிப்பற்ற அம்மன்றத்திற்குத் திரும்ப அவர் விரும்பவில்லை. விடைபெறும் தறுவாயில் இருந்த ஆடம்ஸ், மார்ஷலைப் பெயர் குறித்தார். செனட் ஒப்பியது. 1801 பிப்ரவரி 4ஆம் நாள் மார்ஷல் தலைமை நீதிபதியானார்.

மதிப்பற்ற மன்றம் என்றது மிகையன்று. தலைநகர் வாஷிங்டனில் குடியரசுத் தலைவருக்கு மாளிகை இருந்தது; காங்கிரசுக்குக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. உச்ச நீதிமன்றத்திற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. காங்கிரஸ் கட்டடத்தின் ஓர் அறையில் அது கூடியது. அதற்கெனத் தனிக் கட்டடம் 1935இல்தான், அதாவது மார்ஷல் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரே, திறக்கப்பட்டது.

மார்பரி வழக்கு

ஆடம்சின் கட்சியினர் பதவி விலகும் முன்னர்ப் புதிய நீதிபதிப் பதவிகள் பலவற்றை உண்டாக்கித் தம்மவரை அவற்றில் அமர்த்த முயன்றனர். தலைநகர்ப் பகுதிக்கு நியமிக்கப்பட்ட சிறு நடுவர்களுள் ஒருவர் வில்லியம் மார்பரி. அவருடைய நியமனப் பத்திரத்தில் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். தலைமை நீதிபதியான பின்னரும் அயலுறவுச் செயலர் பணியைத் தொடர்ந்து கவனித்து வந்த மார்ஷல் அரசு முத்திரை இட்டார். ஆயின் அவசரத்தில் அப்பத்திரம் மார்பரியிடம் சேர்க்கப்படவில்லை. மார்ச் 4ஆம் நாள் மார்ஷலே ஜெபர்சனுக்குப் பதவி உறுதிமொழி செய்துவைத்தார். அன்றோடு ஆட்சி மாறியது. எஞ்சிய பத்திரங்களைக் கொடுக்க வேண்டா என்று ஜெபர்சன் தடுத்துவிட்டார். மார்பரி, புதிய அயலுறவுச் செயலர் மாடிசன் மீது உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுத்தார்.

ஜெபர்சன் கட்சியினரின் பெரும்பான்மை பெற்ற காங்கிரஸ், 1802இல் புதிய நீதிபதிப் பதவிகளை உண்டாக்கிய சட்டத்தை நீக்கியதோடு, உச்ச நீதிமன்றத்தின் கூட்டத்தொடரையும் தள்ளிவைத்தது. ஓராண்டுக்கு மேல் உச்ச நீதிமன்றம் கூடவே இல்லை. மார்ஷலின் இக்கட்டு இருபுறமும் கூரிய வாள் போன்றது. பத்திரத்தைக் கொடுக்குமாறு ஆணையிட்டால் மாடிசன் அதனைப் புறக்கணிப்பார். நீதிமன்றம் நகைப்புக்கு இடமாகும். ஆணையிட மறுத்தால் அச்சத்தால் பணிந்தது என்று பெயராகும்.

1803 பிப்ரவரி 24ஆம் நாள் மார்ஷல் தீர்ப்பை வாசித்தார். அவர் மூன்று வினாக்களை எழுப்பினார். மார்பரிக்கு அப்பத்திரத்தைப் பெறும் உரிமை உண்டா? உண்டு. உரிமை மீறப்பட்டவருக்குச் சட்டம் பரிகாரம் தருமா? தரும், ஆட்சியில் இருப்போர் எவராயினும் சட்டத்துக்கு உட்பட்டவரே. அப்பரிகாரத்தை இம்மன்றம் நேரடியாக வழங்கலாமா? இங்கேதான் அவர் திருப்பத்தை வைத்தார். உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கத்தக்க வழக்குகள் எவை என்று அரசியலமைப்பு வரையறுத்துள்ளது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவ்வரம்பைக் கடந்து, இத்தகைய ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மன்றத்திற்கு வழங்கிவிட்டது. அரசியலமைப்பு நாட்டின் தலையாய சட்டம். காங்கிரஸ் அதற்குக் கட்டுப்பட்டது. இரண்டும் முரண்படும்போது எது சட்டம் என்று கூறுவது நீதிபதியின் கடமை. எனவே அப்பிரிவு செல்லாது. மார்பரிக்குப் பத்திரம் கிடைக்கவில்லை.

ஜெபர்சனுக்கு மறுப்பதற்கு ஏதுமில்லை. ஏனெனில் அவருக்கு எதிராக எந்த ஆணையும் இல்லை. ஆயின் காங்கிரசின் சட்டத்தை நீக்கும் பேரதிகாரம் நீதிமன்றத்தின் கைக்கு வந்துவிட்டது. தனக்குத் தரப்பட்ட சிறிய அதிகாரம் ஒன்றை வேண்டா என்று துறந்ததன் மூலமாக இதனை அது பெற்றது. இத்தீர்ப்பின் மீது குறை கூறுவோரும் உண்டு. முத்திரையிட்டவரே அவ்வழக்கை விசாரித்திருக்கலாகாது என்று கூறுவர். அது புறக்கணிக்கத்தக்க குறையன்று. எனினும் நீதிமுறை மறு ஆய்வு என்னும் கோட்பாடு நாட்டளவில் வேரூன்றியது அன்றுதான்.

காங்கிரசும் வாளாவிருக்கவில்லை. நீதிபதிகளைப் பதவி நீக்கும் முறை அரசியலமைப்பிலேயே உள்ளது. பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டும். செனட் அவை விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தீர்ப்பளிக்கும். உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் மீது 1804இல் அவ்வாறு குற்றம் சாட்டப்பட்டது. அவர் வீழ்ந்தால் அடுத்தவர் மார்ஷலே என்று பலரும் கருதினர். 1805 மார்ச்சு முதல் நாள் செனட் அவை சேசை விடுவித்தது. ஜெபர்சன் கட்சியினர் சிலரும் விடுவிப்புக்கே வாக்களித்தனர். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை நீக்கலாகாது என்னும் மரபு அவ்வாறு உருவாயிற்று. நீதித்துறையை அன்று காத்தது சட்டமியற்றும் துறையின் மனச்சான்று என்பதையும் மறத்தல் ஆகாது.

1807இல் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர் மீதான நாட்டுத் துரோக வழக்கு ரிச்மண்டில் மார்ஷல் முன் நடந்தது. ஜெபர்சனிடம் இருந்த கடிதத்தைக் கேட்டு அவருக்கே அழைப்பாணை அனுப்பினார் மார்ஷல். ஜெபர்சன் நேரில் வரவில்லை. ஆயினும் ஆவணங்களை அனுப்பினார். வெளிப்படையான துரோகச் செயலுக்கு இரண்டு சான்றினர் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அத்தகைய சான்று இல்லாமையால் பர் விடுதலையானார். குடியரசுத் தலைவர் விரும்பிய தண்டனையைக் குடியரசின் நீதிமன்றம் தர மறுத்தது.

ஒரே குரல்

மார்ஷலுக்கு முன்னர் ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே தீர்ப்புரைப்பது வழக்கமாக இருந்தது. மார்ஷல் இதனை மாற்றி, மன்றத்தின் தீர்ப்பு ஒன்றே என்னும் முறையை நிலைநாட்டினார். நீதிபதிகள் தலைநகரில் ஒரே விடுதியில் தங்கினர். ஒரே மேசையில் உண்டனர். உண்டபடியே வழக்குகளை ஆராய்ந்தனர். ஜெபர்சனும் அவர்வழி வந்தோரும் தம் கட்சியினரையே நீதிபதிகளாக நியமித்தனர். ஆயின் அவர்களுட் பலர் மார்ஷலின் வாதத் திறத்துக்கு இசைந்தே தீர்ப்பளித்தனர். அவர் காலத்து மன்றத் தீர்ப்புகளுள் 500க்கும் மேற்பட்டவை அவரே எழுதியவை.

1819ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கன. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டார்ட்மவுத் கல்லூரியின் 1769ஆம் ஆண்டுப் பட்டயத்தைச் சட்டத்தால் மாற்றி, கல்லூரியைத் தன் பிடியில் கொணர முயன்றது. பட்டயம் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மாநிலச் சட்டம் சிதைக்கலாகாது என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். கல்வி நிறுவனங்களை நடத்துவோர் இன்றும் நினைவிற்கொள்ளும் தீர்ப்பு அது. மற்றொன்று, நாட்டு வங்கியின் மீது மேரிலாந்து மாநிலம் விதித்த வரியைப் பற்றியது. நாட்டரசின் நிறுவனத்தை ஒரு மாநிலம் வரியால் நசுக்குதல் கூடாது என்றார். 1824இல் நியூயார்க் மாநிலம் வழங்கியிருந்த நீராவிப் படகுத் தனியுரிமையை நீக்கி, மாநிலங்களிடை வாணிகம் காங்கிரசின் ஆட்சிக்கு உட்பட்டது என்று வரையறுத்தார். இவற்றிலெல்லாம் பனிப் பாசறையில் பசித்திருந்த இளைஞனின் நினைவு இழையோடுவதைக் காணலாம்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. மார்பரி வழக்கிற்குப் பின்னர் மார்ஷல் வாழ்ந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் காங்கிரசின் வேறெந்தச் சட்டத்தையும் அவர் மன்றம் செல்லாது என அறிவிக்கவில்லை. வாளை உறையில் வைத்திருந்தே மதிப்பைப் பெற்றார் அவர்.

மன்றத்தின் எல்லையும் மனிதரின் குறையும்

நீதிமன்றத்தின் ஆற்றல் எங்கே முடிகிறது என்பதையும் அவரே காண நேர்ந்தது. ஜார்ஜியா மாநிலம் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தைக் கவர விரும்பித் தன் சட்டங்களை அந்நிலத்தின் மீது சுமத்தியது. அவற்றை ஏற்காத சாமுவேல் வொர்செஸ்டர் என்னும் சமயப் பணியாளரைச் சிறையிலடைத்தது. 1832இல் மார்ஷல், செரோக்கியர் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜார்ஜியா பணியவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரு ஜாக்சன் செரோக்கியருக்குத் துணைநிற்கவில்லை. வொர்செஸ்டர் 1833இல் மாநில ஆளுநரின் மன்னிப்பால் வெளிவந்தார், தீர்ப்பால் அன்று. 1838இல் செரோக்கியர் படைவலிமையால் மேற்கே துரத்தப்பட்டனர். ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர் என்று மதிப்பிடுவர். தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது, அதற்குக் கை கால் தர வேண்டிய துறை அசையவில்லை.

மார்ஷலின் வாழ்வில் இருளும் உண்டு. அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அடிமை வாணிகம் இயற்கை நீதிக்கு முரணானது என்று 1825இல் ஒரு தீர்ப்பில் ஒப்புக்கொண்டும், உலக நாடுகளின் சட்டம் அதனைத் தடுக்கவில்லை என்று கூறி அமைந்தார். பழங்குடியினரின் நில உரிமையைச் சுருக்கிய 1823ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவருடையதே. மார்பரியின் சிறு பதவிக்காக உரிமை உண்டெனில் பரிகாரமும் உண்டு என்று முழங்கியவர், விலங்கிடப்பட்ட மனிதருக்கு அவ்வறத்தை நீட்டவில்லை. துறைகளை எத்துணைச் செம்மையாகப் பகுத்து வைப்பினும், எவர் மனிதர் என்பதில் மூன்று துறைகளும் ஒருங்கே தவறினால் அமைப்பு காவாது என்பதற்கு இது சான்று.

தனி வாழ்வும் மறைவும்

பெரும் பதவியில் இருந்தும் எளிமையாக வாழ்ந்தவர் மார்ஷல். ரிச்மண்டு அங்காடிக்குத் தாமே சென்று பொருள் வாங்கி வருவார். ஒருமுறை, ஊருக்குப் புதிய இளைஞன் ஒருவன் அவரை இன்னாரென அறியாது, தான் வாங்கிய வான்கோழியைச் சுமந்து வருமாறு கேட்க, அவரும் மறுக்காது சுமந்து சென்றார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. நெடுங்காலம் நோயுற்றிருந்த மனைவியை அன்புடன் பேணினார். பத்து மக்களுள் அறுவரே வளர்ந்து ஆளாயினர். வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதினார்.

1829-30இல் வர்ஜீனிய அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டில், எழுபத்து நான்கு அகவையில், நீதிபதிகளின் சார்பின்மைக்காக அவர் மீண்டும் வாதாடினார். 1831இல் மனைவியை இழந்தார். 1835 ஜூலை 6ஆம் நாள் பிலடெல்பியாவில் அவர் உயிர் நீத்தார். உடல் ரிச்மண்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் தலைமை நீதிபதியாக விளங்கினார்.

முடிவுரை

1950இல் குடியரசான நம் நாடு, அமெரிக்க அமைப்பை அப்படியே மேற்கொள்ளவில்லை. அங்கே குடியரசுத் தலைவர் காங்கிரசுக்கு வெளியே நிற்பவர்; இங்கே அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பானது. எனவே சட்டமியற்றும் துறையும் ஆட்சித்துறையும் நம்மிடையே நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தால் நீதித்துறையின் சார்பின்மை நமக்கு மேலும் இன்றியமையாததாகிறது. மார்ஷல் மௌனத்திலிருந்து பெற்ற பொருளை, நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு வெளிப்படையாகவே எழுதி வைத்தது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது.

1951இல் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, நாடாளுமன்றம் தீர்ப்பைப் புறக்கணிக்கவில்லை, நீதிபதிகளைத் தண்டிக்கவுமில்லை. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பைத் திருத்திப் பிற்படுத்தப்பட்டோருக்கு வழி செய்தது. அத்திருத்தும் அதிகாரத்திற்கும் எல்லை உண்டு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைத்தல் ஆகாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. துறைகள் ஒன்றோடொன்று உரையாடும் முறை இதுவே.

நீதிமன்றத்திற்குப் படையில்லை. அதன் சொல்லுக்குப் பிறர் பணிவதே அதன் வலிமை. பணிய மறுத்த ஜார்ஜியாவால் ஓர் இனம் வீடிழந்தது. பணிந்து ஆவணங்களை அனுப்பிய ஜெபர்சனால் ஒரு மரபு பிறந்தது. நாளை இந்நாட்டின் சட்டமன்றங்களிலும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அமரப் போகும் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும். தனக்குப் பிடிக்காத தீர்ப்புக்கும் பணியும் ஆட்சியாளரும், தனக்கு வாய்த்த அதிகாரத்தையும் எல்லையறிந்து பயன்படுத்தும் நீதிபதியும் உள்ள நாட்டில், கண்ணகியின் வழக்கு மன்னனின் நற்குணத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.